முட்டி நீண்டது, இடுப்பு நழுவியது: உபய பாதாங்குஷ்டாசனம், ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு கால் கட்டைவிரல்களையும் பிடித்துக்கொண்டு, கால்களை மேலே தூக்கி, முட்டி மடங்காமல் நீட்டி, உட்காரும் எலும்புகள் (புட்டத்துக்கு அடியில் தட்டுப்படுபவை) இரண்டின் மேல் மட்டும் நிலைத்திருப்பது உபய பாதாங்குஷ்டாசனம். கால்களை அகட்டிச் செய்கிற வடிவத்தை மேருதண்டாசனம் என்று சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. சிரசாசனம் மாதிரி தலைகீழாக நிற்பதில்லை, மயூராசனம் மாதிரி கையில் உடம்பைத் தூக்குவதும் இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே செய்வதுதானே, விழுந்தால் எவ்வளவு தூரம் விழப்போகிறோம் என்று நானும் பல வருடம் அலட்சியமாக இருந்தேன். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு இல்லை.

மாணவிக்கு வயது 47. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற வேலை. என்னிடம் மூன்று வருடமாக வருகிறார், வாரத்துக்கு மூன்று வகுப்பு. ஆர்வம் அதிகம். வகுப்பில் கற்றதை வீட்டிலும் செய்து, நோட்டில் எழுதி வைப்பார். "பேரும் ஊரும் வேண்டாம் மாஸ்டர், மத்ததெல்லாம் எழுதுங்க" என்று சம்மதம் கொடுத்தவர், "உங்க தப்பையும் எழுதணும்" என்று சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனையும் போட்டார். எழுதியிருக்கிறேன்.

நடந்தது என்ன

காலை ஐந்தரை மணி, வீடு. எழுந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு சூரிய நமஸ்காரம், ஒரு பச்சிமோத்தானாசனம் (உட்கார்ந்து கால்களை நீட்டி முன்னால் குனிவது), அடுத்தது நேராக இந்த ஆசனம். முந்தைய வாரம் வகுப்பில் முதல் முறையாக முட்டி முழுசாக நீண்டிருந்தது. அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று மகளை எழுப்பி போனைக் கையில் கொடுத்திருக்கிறார்.

கால் நீண்டது. உடம்பு பின்னால் சாய்ந்தது. பயத்தில் விரல்களை விட்டுவிட்டார். பிடி விட்டதும் இரண்டு கால்களும் முன்பக்கம் தடாலென்று இறங்கின. அந்த வேகம் பின்னால் போன உடம்பை மறுபடி முன்னே தூக்கி, யோகா மேட்டின் விளிம்பைத் தாண்டி டைல்ஸ் தரையில் உட்கார வைத்தது. அடி வால் எலும்பில். பின்னால் போன அந்த நொடியில் தலைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. வால் எலும்பை எல்லோரும் விசாரித்தார்கள், அந்த ஒரு சாணை யாரும் பேசவில்லை. எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்குவது அதுதான்.

அன்றே எலும்பு மருத்துவரிடம் போனார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, ஊமைக்காயம், நான்கு முதல் ஆறு வாரத்தில் அடங்கும் என்றார். நடுவில் பள்ளம் விட்ட குஷனில் உட்காரச் சொன்னார். தொடையின் உள்பக்கமோ பிறப்புறுப்பைச் சுற்றியோ மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், காலில் பலம் குறைந்தால் நேரம் பார்க்காமல் உடனே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். முதுகில் அடிபட்ட யாரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை இவை.

ஒன்பது வினாடி வீடியோ

அந்த வீடியோவை எனக்கு அனுப்பினார். ஓடவிட்டுப் பார்த்தால் கால் நீளுகிறது, ஆள் சாய்கிறார், அவ்வளவுதான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

கறுப்பு லெக்கிங்ஸ், இடுப்பில் வெள்ளைப் பட்டி. முதல் வினாடியில் முட்டி மடங்கியிருக்கிறது, விரல் பிடியில் இருக்கிறது, முதுகு நேர். பட்டி தரையிலிருந்து நல்ல உயரத்தில் தெரிகிறது. மூன்றாவது வினாடியில் முட்டி நீள ஆரம்பிக்கிறது. பட்டி இறங்குகிறது. முட்டி இன்னும் கொஞ்சம் நீள, பட்டி இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. ஐந்தாவது வினாடியில் வெள்ளைப் பட்டி மேட்டைத் தொட்டுவிட்டது. அதாவது அவர் இப்போது உட்காரும் எலும்பின் மேல் இல்லை; வால் எலும்புக்கு மேலே இருக்கிற முக்கோண எலும்பின் மேல் இருக்கிறார். முட்டியோ இன்னும் முழுசாக நீளவில்லை. ஆறாவது வினாடியில் மெதுவாக ஒரு குரல் கேட்கிறது. தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்: "முட்டி... முட்டி..."

அது என் வசனம். வகுப்பில் நடந்துகொண்டே நான் சொல்வது. மூன்று வருடத்தில் எத்தனை முறை அவர் காதில் விழுந்திருக்குமோ தெரியாது. அதே மூன்று வருடத்தில் "இடுப்பு எங்கே இருக்கு பாருங்க" என்று எத்தனை முறை சொன்னேன் என்று யோசித்தால் கை விரலுக்குள் அடங்கிவிடும்.

முட்டிக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், தொடையின் பின்பக்கத்தில் ஓடும் ஹாம்ஸ்டிரிங் தசைகள். மூன்று தசைகள், மூன்றும் உட்காரும் எலும்பில் தொடங்கி முட்டியைத் தாண்டிக் கீழே போய்ச் சேருகின்றன. இடுப்பு மடங்கினாலும் இழுபடும், முட்டி நீண்டாலும் இழுபடும். இந்த ஆசனத்தில் இரண்டும் ஒரே நேரத்தில். தசைக்குப் போதுமான நீளம் இல்லையென்றால் அது எங்காவது இடம் கேட்கும். முட்டியைப் பிடிவாதமாக நீட்டினால் மிச்சம் இருக்கிற ஒரே வழி, உட்காரும் எலும்பை முன்பக்கமாக இழுத்து இடுப்பைப் பின்னால் கவிழ்ப்பதுதான். இடுப்பு கவிழ்ந்தால் கீழ்முதுகு கூனும். கூனிய முதுகு உருளும். ஆடும் நாற்காலியின் வளைந்த அடிக்கட்டையில் ஒரு ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியுமா? அதே மாதிரி, நிற்க ஒரு விளிம்பே இல்லாமல் போய்விடுகிறது.

கால்களின் எடையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் உடம்பு எடையில் ஆறில் ஒரு பங்கு இருக்கும். 60 கிலோ ஆள் என்றால் இரண்டு காலும் சேர்த்து கிட்டத்தட்ட 20 கிலோ. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகாத ஒரு இடத்தில் சமாளிக்க வேண்டும். 'சமநிலை போதவில்லை' என்று இதற்குப் பெயர் வைப்பது சுலபம். அவருக்குச் சமநிலை நன்றாகவே இருந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பவர். அவருக்கு இல்லாமல் போனது நிற்க ஒரு இடம்.

காலை நேரமும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீரை இழுத்துக்கொண்டு சற்றுப் பருத்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகு விறைப்பாக இருப்பதும், அப்போது குனிந்தால் தட்டுகளில் அழுத்தம் கூடுவதும் அதனால்தான். சாயங்கால வகுப்பில் நீண்ட முட்டி விடியற்காலையில் நீளும் என்று எதிர்பார்த்தது எங்கள் இருவரின் கணக்குப் பிசகு.

ஒற்றை விரல்

நான்காம் வாரத்தில் நடுவில் இருந்த வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் ஆறாம் வாரம் முடிந்தும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் எரிகிறது என்றார். வால் எலும்பு ஆற நாளாகும் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டில் வலி குறையட்டும் என்று அவர் தினமும் கால்களை நீட்டிக் குனிந்துகொண்டிருந்தார். அதற்கும் தலையாட்டினேன்.

ஏழாம் வாரம் அவரை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: "எங்க வலிக்குதுன்னு ஒத்தை விரலால தொட்டுக் காட்டுங்க."

மாணவி கையைப் பின்னால் கொண்டுபோனார். விரல் நடுவுக்குப் போகவில்லை. இடது பக்கம், புட்டமும் தொடையும் சேருகிற மடிப்பில், உள்ளே எலும்பு தட்டுப்படும் இடத்தில் போய் நின்றது. வால் எலும்பிலிருந்து நான்கு விரல் தள்ளி. ஆறு வாரமாக "அங்க வலிக்குது" என்று அவர் சொன்னபோதெல்லாம், எந்த 'அங்க' என்று யாருமே கேட்கவில்லை.

பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பை மடக்கி, முட்டியை மெதுவாக நீட்டினார். அதே புள்ளியில் வலி. குப்புறப் படுத்து, மடக்கிய காலை அவர் கைக்கு எதிராக இழுக்கச் சொன்னபோதும் அதே புள்ளி. முட்டிக்குக் கீழே வலி இறங்கவில்லை, மரத்துப்போதல் இல்லை, உட்கார்ந்து கூனித் தலை குனிந்து பார்த்த சோதனையில் நரம்பு இழுபடுவதற்கான அறிகுறி இல்லை. சியாட்டிகா (கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) இல்லை என்பதும் அதில் தெளிவானது. ஹாம்ஸ்டிரிங் தசைநார் எலும்போடு ஒட்டுகிற இடத்தில் நாள்பட்ட பாதிப்பு என்றார். யோகா செய்கிறவர்களிடமும் நீண்ட தூரம் ஓடுகிறவர்களிடமும் இதை நிறையப் பார்க்கலாமாம்.

வீட்டுக்குப் போய் மாணவி தன் பழைய நோட்டைப் புரட்டினார். விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு வரி: "உட்கார்ந்தா இடது பக்கம் சுரீர்னு இருக்கு. நல்லா இழுத்துச் செஞ்சா சரியாகும்." அடுத்த பக்கத்தில் பச்சிமோத்தானாசனம் மூன்று நிமிடம். அதற்கடுத்த பக்கத்தில் நான்கு.

விழுந்ததால் வந்த வலி ஆறு வாரத்தில் போய்விட்டது. மிச்சம் இருந்த வலி விழுவதற்கு முன்பே வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நீளாத முட்டியை நீட்டியது. ஆனால் விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தது, மெதுவாக நைந்தது தெரியவில்லை. அதனால் எல்லாப் பழியையும் விழுந்ததன் மேல் போட்டுவிட்டோம்.

இந்தத் தசைநாருக்கு இந்த ஆசனம் ஏன் ஆகாது என்றால், இழுவை மட்டும் காரணம் இல்லை. இடுப்பு ஆழமாக மடங்கும்போது தசைநார் எலும்பின் மேல் அழுந்துகிறது, அதன் மேல் நம் உட்காரும் எடை, கீழே தரை. இழுபட்டுக்கொண்டே நசுங்குகிறது. இழுத்த சில மணி நேரம் இதமாக இருக்கும், மறுநாள் காலை கூடுதலாக வலிக்கும். அந்த இதத்தை நம்பி மறுபடி இழுப்பார்கள். யோகா மாணவர்களுக்கு எந்த வலிக்கும் தெரிந்த ஒரே மருந்து 'ஸ்ட்ரெச்'. அந்தப் பழக்கத்தை நாங்கள்தான் வளர்த்துவிட்டிருக்கிறோம்.

மீண்ட விதம்

முதல் இரண்டு வாரம் முன்குனியும் ஆசனம் எதுவும் கிடையாது. காலை இழுப்பதும் இல்லை. அவருக்கு இது விழுந்ததைவிடப் பெரிய தண்டனை. அதற்குப் பதில் மல்லாந்து படுத்து, குதிகாலைக் கொஞ்சம் தள்ளி ஊன்றி, இடுப்பைத் தூக்கி அப்படியே நிறுத்துவது. 30 முதல் 45 வினாடி, ஐந்து முறை. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. தாண்டாமல் இருந்தாலும் மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள். வேலையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும். இது சொல்வதற்கு எளிது. போனில் அலாரம் வைத்த பிறகுதான் நடந்தது.

மூன்றாம் வாரத்திலிருந்து ஒற்றைக் காலில் அதே பயிற்சி, பிறகு நின்றபடி முதுகு வளையாமல் இடுப்பில் மட்டும் மடங்கி எடை தூக்குவது. யோகா வகுப்பில் எடை தூக்குவதா என்று மற்ற மாணவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். நீளமான தசைநாரும் பலமான தசைநாரும் ஒன்றல்ல என்பதை எனக்கே அப்போதுதான் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஒரு வாரம் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் குனிந்து பார்த்திருக்கிறார், ஐந்து நாள் பின்வாங்கியது. மொத்தம் நான்கு மாதம் ஆனது.

மறுபடி ஆசனத்துக்கு

நான்கு மாதத்துக்குப் பிறகு உட்கார வைக்கவில்லை, படுக்க வைத்தேன். மல்லாந்து படுத்து இரண்டு கட்டைவிரல்களையும் பிடித்து (எட்டாவிட்டால் பெல்ட்) முட்டியை நீட்டினால் அது அதே ஆசனம்தான், கீழே விழ இடமில்லாத வடிவத்தில். இடுப்புக்குக் கீழே என் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தேன். முட்டியை அவர் நீட்ட நீட்ட ஒரு கட்டத்தில் முக்கோண எலும்பு தரையை விட்டுக் கிளம்பியது. அந்தக் கட்டத்துக்கு ஒரு இழை முன்னால் முட்டி எவ்வளவு மடங்கியிருந்ததோ, அதுதான் அவருக்கான முட்டி. உட்கார்ந்து செய்யும்போதும் அதைத் தாண்டக் கூடாது. வகுப்பில் யாருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாலும் இப்போது முதலில் இந்தச் சோதனைதான். பாதிப் பேருக்கு மேல் முட்டி மடங்கித்தான் நிற்கிறது, பல வருடம் செய்தவர்கள் உட்பட.

உட்கார்ந்து செய்வதற்கு முன் இடத்தைத் தயார் செய்தோம். பின்னால் ஒரு ஆள் நீளத்துக்குக் காலி இடம், அதில் இன்னொரு மேட். கட்டில், மேசை, படிக்கட்டு விளிம்பு எதுவும் கிட்டே இல்லை. சுவர் வேண்டுமென்றால் முதுகுக்கு ஒரு சாண் பக்கத்தில் இருக்க வேண்டும், அப்போது சாய்ந்தால் முதுகு முதலில் தொடும். ஒன்றரை அடி, இரண்டு அடி தள்ளிச் சுவர் இருப்பதுதான் ஆபத்து. அங்கே முதலில் போய்ச் சேருவது பின்தலை. உட்காரும் எலும்புக்குக் கீழே மடித்த போர்வை, அதன் முன் விளிம்பில் உட்கார வேண்டும், இடுப்பு தானாக முன்னே நிமிரும்.

அடுத்தது விழக் கற்றுக்கொடுத்தேன். இதை மூன்று வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். பின்னால் போகிறோம் என்று தெரிந்ததும் தாடையை மார்போடு சேர்க்க வேண்டும், முட்டியை மடக்கி மார்புக்குக் கொண்டுவர வேண்டும், முதுகை உருண்டையாக்கி உருண்டுவிட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றக் கூடாது, மணிக்கட்டு முறிய அதுதான் வழி. வேண்டுமென்றே பத்துப் பன்னிரண்டு முறை உருட்டினேன். முதல் இரண்டில் கை பின்னால் போனது, பிறகு போகவில்லை. நாலைந்து உருளலுக்குப் பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். விழும் பயம் போனதும் தோள் இறங்கியது, மூச்சு சீரானது. ஆசனம் பாதி அங்கேயே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதல் வாரம் பாதம் தரையில், கை தொடைக்குப் பின்னால், கால் நுனி மட்டும் தூக்கி மூன்று மூச்சு. பிறகு கெண்டைக்கால் தரைக்கு இணையாக. பிறகு முட்டி நன்றாக மடங்கியபடி விரல் பிடி. அங்கேயே மூன்று வாரம் நின்றோம். அவர் கேட்டும் நான் நகர்த்தவில்லை. பின்னர் ஒரு காலை மட்டும் படுத்துக் கண்டுபிடித்த அளவுக்கு நீட்டுவது, மற்றது மடங்கியே இருக்கும். கடைசியில் இரண்டும். பார்வை எதிரே கண் மட்டத்தில் ஒரு புள்ளியில். தலையை அண்ணாந்து கூரையைப் பார்ப்பது படத்துக்கு நன்றாக இருக்கும். நாலரை, ஐந்து கிலோ தலை பின்னால் போனால் உடம்பும் பின்னால் போகும். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால் நின்றதாகவே கணக்கில்லை. இறங்கும்போது முதலில் முட்டி மடங்கும், பிறகு பாதம் தரைக்கு வரும், அதன் பிறகுதான் விரலை விட வேண்டும். நீட்டிய காலில் பிடியை விட்டதுதான் அன்றைக்கு அவரைத் தரையில் அடித்தது.

மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்பித்த அஷ்டாங்க முறையில் இந்த ஆசனத்துக்குள் ஹலாசனத்திலிருந்து (மல்லாந்து படுத்து, கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஆசனம்) உருண்டு வருவார்கள். முதல் வரிசையின் கடைசிப் பகுதியில், படுத்தபடி கால் கட்டைவிரலைப் பிடிக்கும் சுப்த பாதாங்குஷ்டாசனத்துக்கு அடுத்து வருகிறது. உடம்பு அதற்குள் நன்றாகச் சூடேறியிருக்கும். அந்த உருளலை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்து விடியற்காலையில் செய்வது வேறு கதை. வேகத்தோடு வந்து உச்சியில் முட்டியைச் சொடுக்கும்போது தசைநாருக்குக் கிடைப்பது ஒரு வெடுக்கென்ற இழுப்பு. 'டப்' என்று சத்தம் கேட்டுத் தொடைக்குப் பின்னால் கன்றிப்போனால் அது சாதாரண வலி இல்லை, கிழிந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், தட்டு விலகல் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் வயிற்று அறுவை ஆனவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஆகியோருக்கு இதை நான் கற்றுத்தருவதில்லை. படுத்துச் செய்யும் வடிவத்தையும் மருத்துவரைக் கேட்ட பிறகே தருகிறேன்.

இப்போது

விழுந்து பத்து மாதம் ஆகிறது. ஐந்து மூச்சு நிற்கிறார், முட்டி இரண்டும் சற்று மடங்கியே. வெள்ளைப் பட்டி தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. மகள் பக்கவாட்டிலிருந்து மறுபடி படமெடுத்து அனுப்பினாள். நீண்ட பயணம் போய் வந்தால் இடது பக்கம் இரண்டு நாள் முணுமுணுக்கும், இடுப்பைத் தூக்கி நிறுத்தும் பயிற்சிக்குத் திரும்புவார், அடங்கும். ஏன் இடது பக்கம் மட்டும் என்பதற்கு எங்களிடம் உறுதியான பதில் இல்லை. இடது காலை வலதின் மேல் போட்டு உட்காரும் பழக்கம் இருக்கலாம் என்பது என் ஊகம், பிசியோதெரபிஸ்ட் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

போன வாரம் ஒரு புதிய மாணவரிடம் பழக்கதோஷத்தில் "முட்டி..." என்று ஆரம்பித்தேன். பின்வரிசையிலிருந்து அவர் குரல்: "மாஸ்டர், இடுப்பு."